ஒரு பிக்சலுக்கு இரண்டரை சென்ட்: தொலையுணர்வுப் படிப்பில் என்னதான் இருக்கிறது?

தொட்டபெட்டா காட்சிமுனையில் நிற்கும் ஊட்டிக்காரர் ஒருவரிடம், எதிரே தெரியும் சரிவைக் காட்டி, "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளத்தை ஒட்டிக் கரும்பச்சையாகத் திரண்டு கிடப்பது சோலை என்பார். ஒரே மட்டமாக வெட்டிவிட்ட பச்சை தேயிலை. சாம்பல் கலந்த பச்சையில் நெடுநெடுவென நிற்பது கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். செம்மண் தெரிகிற படிக்கட்டு நிலத்தில் கேரட்டோ உருளைக்கிழங்கோ எடுத்துவிட்டார்கள். அவர் அங்கே போகவும் இல்லை, எதையும் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அங்கிருந்து வந்த வெளிச்சத்தையும் தன் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

தொலையுணர்வு என்பது அடிப்படையில் இதுதான். கண் இருக்கும் இடத்தில், 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் கருவி இருக்கும். அனுபவத்தோடு கூடவே கணக்கும் இருக்கும்.

இதைக் கருவாகக் கொண்ட முதுகலைப் படிப்புகள் பல பெயர்களில் நடக்கின்றன: தொலையுணர்வும் ஜி.ஐ.எஸ்ஸும் (புவித்தகவல் அமைப்பு), புவித்தகவலியல், ஜியோமேட்டிக்ஸ், புவியிடத் தொழில்நுட்பம். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். பூமியை மேலிருந்து பார்த்துத் தரவு எடுப்பது, எந்த இடம் என்பதைத் துல்லியமாக அளப்பது, கிடைத்ததை இடத்தோடு சேர்த்து வைத்து ஆராய்வது, பிறருக்குப் புரியும்படி வரைபடமாகத் தருவது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் டிகிரி முடித்த பிள்ளைகள் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்றுதான். சாஃப்ட்வேரை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். அதற்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டியது ஒளி.

இலை திருப்பி அனுப்பும் ஒளி

சூரிய ஒளி இலைமேல் விழுகிறது. இலையின் பச்சையம் அதிலுள்ள சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. உணவு தயாரிக்க அது வேண்டும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உட்புறச் செல்கள் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகின்றன. நமக்கு அந்தக் கண் இருந்திருந்தால், குன்னூர்த் தேயிலைத் தோட்டம் பச்சையாக அல்ல, கண் கூசும் அகச்சிவப்பாகத் தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு ஒளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணாக மாற்றுவதுதான் என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும். வருவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். உதாரணத்துக்கு, நன்றாகத் துளிர்த்த தேயிலை தன்மேல் விழும் சிவப்பில் 4 விழுக்காட்டையும் அகச்சிவப்பில் 45 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 45-லிருந்து 4 போனால் 41. கூட்டினால் 49. வகுத்தால் 0.84. உழுது போட்ட மண் சிவப்பில் 20, அகச்சிவப்பில் 26 என்று அனுப்பினால் 6-ஐ 46-ஆல் வகுத்து 0.13. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால் ஊட்டி ஏரிக்கோ கொடைக்கானலின் பேரிஜம் ஏரிக்கோ விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். குறியீடு எப்போதும் மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்கும்.

இந்தியாவில் இந்த வேலை ஒரு தென்னந்தோப்பின் மேல்தான் தொடங்கியது. 1970-இல், இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று போற்றப்படும் பிஷாரடி தலைமையில், கேரளத்தில் வேர்வாடல் நோய் தாக்கிய தென்னைகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்தார்கள். அப்புறம் 1988-இல், சோதனைக்காக அல்லாமல் முழுநேரப் பயன்பாட்டுக்கென்றே செய்த நம் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ மேலே போனது.

கொடைக்கானலைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க மனமில்லை. 1909-இல் அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து, அந்தப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. தொட முடியாத ஒன்றை ஒளியை வைத்துப் படிக்கும் வேலை, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது.

படத்தில் ஒரு கட்டம், நிலத்தில் எவ்வளவு?

செயற்கைக்கோள் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால், ஒரு பிக்சல் சுமார் இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் பிக்சல் 30 மீட்டர். சுமார் 22 சென்ட். நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-4 கருவிக்கு 5.8 மீட்டர், ஒரு சென்டுக்கும் கொஞ்சம் குறைவு.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பாருங்கள். ஒரு படி நான்கைந்து மீட்டர் அகலம்தான் இருக்கும். பத்து மீட்டர் பிக்சலுக்குள் பூண்டுப் பாத்தி, கல் வரப்பு, பக்கத்துப் படியின் பீன்ஸ், நடைபாதை எல்லாம் சேர்ந்து விழுந்துவிடும். கருவி இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மொத்தத்தையும் சராசரியாக்கி ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும். இதைக் கலப்புப் பிக்சல் என்பார்கள். கங்கைச் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு எழுதிய வழிமுறையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் தடுமாறுவது இங்கேதான்.

படத்தில் தெரிவது என்ன என்று உறுதி செய்ய, களத்துக்குப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மாணவர்கள் ஜி.பி.எஸ். கருவியும் குறிப்பேடுமாக மேல்மலைக் கிராமங்களில் ஏறி இறங்கும்போது விவசாயிகள் நியாயமாகவே கேட்பார்கள்: "ஏம்மா, அதான் மேல இருந்து போட்டோ பிடிச்சுட்டீங்கள்ல, அப்புறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் ஏறி வர்றீக?" அதற்குச் சரியான பதில்: "போட்டோவுல பச்சை தெரியுதுங்கய்யா. அது பூண்டா பீன்ஸான்னு நீங்கதான் சொல்லணும்." இப்படித் திரட்டிய புள்ளிகளில் ஒரு பகுதியை வைத்துக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மீதியை ஒளித்து வைத்து, கணினி போட்ட வரைபடம் எத்தனை இடத்தில் சரி, எத்தனை இடத்தில் தப்பு என்று சோதிப்பார்கள். அந்தச் சோதனை அட்டவணை இல்லாமல் யாராவது வண்ணமயமான வரைபடம் ஒன்றை நீட்டினால், அதை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

மலை வைக்கும் சோதனைகள்

முதல் சோதனை மேகம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவதொரு சரிவை மேகம் மூடியிருக்கும். சென்டினல்-2 ஐந்து நாளைக்கு ஒருமுறை படம் எடுத்தாலும், நமக்கு உருப்படியான படம் கிடைப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் உண்டு. ஆனால் ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பதால், செங்குத்தான சரிவுகள் அதன் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழும்.

இரண்டாவது நிழல். சென்டினல்-2, லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் காலை பத்து, பத்தரை மணிவாக்கில் நம்மைக் கடக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். அதனால் வடமேற்கு நோக்கிய சரிவுகள் இருண்டு போகும். ஒரே தேயிலை, ஒரே உரம், ஒரே முதலாளி. ஆனால் மலையின் இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம். சரிவின் கோணத்தையும் திசையையும் கணக்கில் எடுத்து இதைத் திருத்துவதற்கென்றே தனி வழிமுறைகள் உண்டு. முதுகலையில் அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, நிலத்தில் நடக்கும் வேலையே. தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டிய கையோடு எடுத்த படத்தில் குறியீடு 0.8-லிருந்து தடாலென்று இறங்கியிருக்கும். தோட்டத்தைப் பார்த்தறியாதவர் அதைத் "தேயிலை அழிக்கப்பட்ட பகுதி" என்று சிவப்பில் குறித்துவிடுவார். ஜனவரி உறைபனியில் கருகிய தேயிலையும் அப்படித்தான் தெரியும். தேயிலைத் தோட்டத்து வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்தால், "இது கவாத்து, கொஞ்ச மாசத்துல துளிர்த்துடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சில மாதப் படங்களை எடுத்துச் சரிபார்ப்பாள். மலைப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். பாடத்தில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதே உறைபனி ஓர் உதவியும் செய்கிறது. பனியும் கோடையின் வறட்சியும் புல்வெளியைப் பழுப்பாக்கும். சோலை பச்சையாகவே இருக்கும். மழைக்காலத்தில் இரண்டும் பச்சை. ஆக, ஒரே நாளின் படத்தை வைத்துத் திணறாமல் பல மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது எப்போது நிறம் மாறுகிறது என்பதைக் கொண்டே பிரித்துவிடலாம்.

இதில் மிக முக்கியமான பாடம் ஒன்று பழனி மலையிலிருந்தே கிடைக்கிறது. லேண்ட்சாட் 1972 முதல் படம் எடுத்து வருகிறது. 2008 முதல் அந்தப் பழைய படங்களெல்லாம் இலவசம். அந்த வசதியால், 1970-களின் பழனி மலையையும் அண்மைக்கால மலையையும் ஒப்பிட முடிந்தது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பதாண்டுகளில் அங்கே மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடங்களைப் பெரும்பாலும் வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. நீலகிரியில் சீகை மரம் என்று சொல்வதும் இந்த வாட்டிலைத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். புல்வெளி இருந்த இடத்தில் சீகை மரம் வந்தால் தாவரக் குறியீடு ஏறும், இறங்காது. எண்ணை மட்டும் பார்ப்பவர் "பசுமை கூடியிருக்கிறது" என்று அறிக்கை எழுதிவிடுவார். உண்மையில் போனது, சோலையோடு சேர்ந்து ஓடைகளுக்குத் தண்ணீர் பிடித்துத் தந்த, வரையாடு மேய்ந்த புல்வெளி. கணக்கு சரியாகவே இருக்கும். பொருள் தலைகீழாக இருக்கும். எண்ணிலிருந்து பொருளுக்குப் போகும் வழியை ஒழுங்காகச் சொல்லித் தருகிறதா என்பதை வைத்தே ஒரு துறையின் தரத்தை நான் எடை போடுவேன்.

இடம் என்றால் எந்த இடம்?

அட்சரேகை, தீர்க்கரேகை எல்லோருக்கும் தெரியும். ஊட்டி ஏறக்குறைய 11.4 வடக்கு, 76.7 கிழக்கு. ஆனால் பூமி சரியான உருண்டை இல்லை என்பதால், எந்த வடிவத்தை அடிப்படையாக வைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அதே இடத்துக்கு எண்கள் மாறும். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டுகள் (நில அமைப்பு வரைபடங்கள்) எவரெஸ்ட் நீள்கோளம் என்ற வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் கைப்பேசி ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற வேறொரு வடிவம். ஊட்டியைக் காட்டும் பழைய 58 ஏ/11 ஷீட்டின்மேல் மாற்றம் எதுவும் செய்யாமல் ஜி.பி.எஸ். புள்ளிகளைப் போட்டால், நூறு மீட்டருக்கும் மேலே விலகி விழும். மலையில் நூறு மீட்டர் என்பது சாலைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம். 2005-க்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டு ஷீட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை.

பரப்பளவிலும் ஒரு சங்கதி உண்டு. வரைபடம் நிலத்தைக் கிடைமட்டமாகவே காட்டும். 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு ஒட்டி 115 அடி அளந்தால், வரைபடத்தில் அது 100 அடிதான். பட்டாவில் இருக்கும் ஏக்கரும் கிடைமட்ட அளவுதான். ஆனால் செடி நடுவதும் உரம் போடுவதும் சரிந்த தரையில். மண் அரிப்பைக் கணக்கிடுவோர் இதை மறந்தால் விடை தவறிவிடும்.

அடுக்குகளாகப் பார்ப்பது

ஜி.ஐ.எஸ். என்பது, டிரேசிங் தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, ஒரே இடத்தைப் பற்றிய பல தகவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆராயும் முறை. நீலகிரியில் இதன் அருமை மண்சரிவில் தெரியும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எங்கெல்லாம் சரியக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல, அடுக்குகள் வேண்டும். சரிவின் கோணம் ஓர் அடுக்கு. இதை 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் எடுத்த உயரத் தரவிலிருந்தோ, நம் கார்ட்டோசாட்-1 தந்த இரட்டைப் படங்களிலிருந்தோ பெறலாம். பாறைமேல் சிதைந்து கிடக்கும் மண்ணின் ஆழம் ஓர் அடுக்கு. ஓடைகள், சாலைக்காக வெட்டிய சரிவுகள், நிலப் பயன்பாடு, முன்பு சரிந்த இடங்கள் என்று வரிசையாகச் சேரும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்பதைப் பழைய சரிவுகளே தீர்மானிக்கும். ஆனால் பழைய சரிவு ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே உண்ணிச்செடி மூடி, படத்தில் மறைந்துவிடும். அது எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்டுப் புள்ளி வைத்து வருவதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான். ஆய்வேட்டில் அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

எங்கே, எப்படிப் படிப்பது?

சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேரே 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான். அங்கே அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறை, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு மற்றும் ஜி.ஐ.எஸ். துறை, கொடைக்கானல் அடிவாரத்தின் பக்கமே காந்திகிராமத்தில் புவித்தகவலியல் மையம். வெளியே போக முடிந்தால் டேராடூனில் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம், பம்பாய் ஐ.ஐ.டி. போன்றவை. எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் அறிவியல் இளங்கலை போதும். எம்.டெக்., எம்.இ. என்றால் கேட் தேர்வோ மாநில நுழைவுத் தேர்வோ எழுத வேண்டும். கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸுக்கென்றே தனித் தாள் உண்டு. தகுதியும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பையே பாருங்கள்.

புவியியல், நிலவியல், சிவில், வேளாண்மை, வனவுயிரியல், கணினி என்று எங்கிருந்து வந்தாலும் ஒரு பக்கம் பலமும் ஒரு பக்கம் பலவீனமும் இருக்கும். கணினிப் பிள்ளைகளுக்கு மண் தெரியாது. தாவரவியல் பிள்ளைகளுக்கு நிரல் பயமாக இருக்கும். புள்ளியியலும் கொஞ்சம் பைத்தானும் யாருக்கும் தப்பாது. சேரும் முன் துறையில் இருக்கும் சீனியர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: களப்பணி எத்தனை நாள்? ஆய்வேட்டுக்குத் தரவை நீங்களே திரட்டுகிறீர்களா? இரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால், அங்கே பட்டன் அழுத்தத்தான் சொல்லித் தருவார்கள்.

வேலை என்று பார்த்தால் வனத்துறை, வேளாண்மை, பேரிடர் மேலாண்மை, நகரமைப்பு, காப்பீடு, வரைபட நிறுவனங்கள், டிரோன் அளவை எல்லாவற்றிலும் ஆள் தேவைப்படுகிறது. 2021-இல் ஒன்றிய அரசு புவியிடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு தனியார் பக்கமும் வாய்ப்பு கூடியிருக்கிறது. தொடக்கத்தில் பல இடங்களில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும். அதை வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது.

சேருவதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்ய ஒரு காரியம் இருக்கிறது. இணையத்தில், சென்டினல் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசரைத் திறந்து உங்கள் ஊரைத் தேடுங்கள். மேகமில்லாத ஜனவரிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பொய் வண்ணக் காட்சிக்கு மாற்றுங்கள். அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவதால் செடி கொடியெல்லாம் சிவந்து தெரியும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்து இடங்களை அதில் அடையாளம் காணுங்கள்: உங்கள் தோட்டம், பள்ளி மைதானம், ஓடை, கற்பூரத் தோப்பு. அப்புறம் அதே இடங்களை அக்டோபர்ப் படத்தில் பாருங்கள். நிறம் மாறியவை எவை, ஏன் மாறின என்று பக்கத்தில் எழுதுங்கள். காரணம் புரியாத இடம் இருந்தால் நேரில் போய்ப் பார்த்து, கைப்பேசியில் ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை கியூ.ஜி.ஐ.எஸ்ஸில் திறந்து அந்தப் புள்ளிகளை மேலே போடுங்கள். அந்த சாஃப்ட்வேர் இலவசம். நேர்முகத் தேர்வில் "இந்தப் படிப்பு ஏன்?" என்று கேட்டால், அந்தப் பத்து இடங்களைப் பற்றிப் பேசுங்கள்.